பாய்லருக்கு முன் பக்கெட்: காம்பியா, சிலிண்டரா, பரண் தொட்டியா?

லண்டன் ஹாரோவில் நாங்கள் இருப்பது 1930-களில் கட்டிய வீடு. பரணில் ஒரு தண்ணீர்த் தொட்டி, மாடி அலமாரிக்குள் வெந்நீரைச் சேமித்து வைக்கும் ஒரு செம்புச் சிலிண்டர், சமையலறை மூலையில் இருபது வயது தாண்டிய பாய்லர். ஒரு ஜனவரி மாதம் அந்தப் பாய்லர் நின்றுவிட்டது. மூன்று பேரைக் கூப்பிட்டு மதிப்பீடு கேட்டோம். முதல் இருவரும் பத்தே நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களை எண்ணினார்கள், பாத்ரூம் எத்தனை என்று கேட்டார்கள். பெரிய காம்பியாக (தெருத் தண்ணீரை அவ்வப்போது நேராகச் சூடாக்கித் தரும் பாய்லர்) போட்டுவிட்டால் தொட்டி, சிலிண்டர் இரண்டையும் எடுத்துவிடலாம், அலமாரியும் மிச்சம் என்றார்கள். ஒருவரும் ஒரு குழாயைக்கூடத் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். வந்ததும் சிங்க்குக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எழுந்து, "தம்பி, எந்தப் பொய்லர் எண்டு பிறகு பாப்பம். முதல்ல வீட்டுக்குத் தண்ணி எவ்வளவு வருது எண்டு பாக்கோணும். ஒரு வாளி இருக்கோ?" என்றார்.

அந்த ஒரு வாளி எங்கள் முடிவையே மாற்றிவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன். இங்கே வீடு வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் பாய்லர் பிராண்டை ஒப்பிட்டு ஒப்பிட்டுக் களைத்துப்போகிறார்கள். எந்த பிராண்ட் என்பது இரண்டாவது கேள்வி. எந்த வகை என்பதே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பதில் கடையில் இல்லை, உங்கள் வீட்டுக் குழாயில் இருக்கிறது.

அழுத்தம் வேறு, வரத்து வேறு

பாய்லர் தண்ணீரைச் சூடாக்கும், தள்ளாது. அதற்குள் ஒரு பம்ப் இருப்பது உண்மைதான், ஆனால் அது ரேடியேட்டர்களுக்குள் ஓடும் தண்ணீரைச் சுற்றிவிட மட்டும்தான். ஷவருக்கு வரும் தண்ணீரைத் தள்ளுவது தெருவிலிருக்கும் தண்ணீர்க் கம்பெனியின் அழுத்தம், அல்லது பரண் தொட்டியின் உயரம். தெருவிலிருந்து நிமிடத்துக்கு ஒன்பது லிட்டர்தான் வருகிறது என்றால், எத்தனை ஆயிரம் பவுண்டு கொடுத்து எந்த காம்பியை மாட்டினாலும் ஒன்பது லிட்டர்தான் வெளியே வரும்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பாய்லரின் முகப்பில் ஒரு சின்ன முள், 1 பாருக்கும் 1.5 பாருக்கும் நடுவில் நிற்கும் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). அதைப் பார்த்துவிட்டு "எங்கள் வீட்டில் தண்ணீர் அழுத்தம் 1.2 பார்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது ரேடியேட்டர் குழாய்களுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தண்ணீரின் அழுத்தம். குழாயில் வரும் தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரி, அழுத்தம் என்றால் என்ன, வரத்து என்றால் என்ன? மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடித் தொட்டியை வைத்தே சொல்லிவிடலாம். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட 1 பார் அழுத்தம் தரும். தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்கு மூன்று மீட்டர் கீழே ஷவர் இருந்தால் 0.3 பார். ஷவரை மூடி வைத்திருக்கும்போதும் அந்த 0.3 பார் குழாய்க்குள் முட்டிக்கொண்டுதான் நிற்கும். இதுதான் ஸ்டாட்டிக் அழுத்தம், அதாவது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ளது. குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடுகிறது, குழாயின் சுவரோடு உரசுகிறது, வளைவுகளில் மோதுகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஓடும்போது மிஞ்சி நிற்பது டைனமிக் அழுத்தம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பது வரத்து.

ஸ்டாட்டிக் அழுத்தம் ஆளை நன்றாக ஏமாற்றும். மெல்லிய குழாய், தடித்த குழாய் இரண்டிலும் மூடி வைத்திருக்கும்போது முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். திறந்த பிறகுதான் வித்தியாசம் தெரியும். வாளி கேட்ட அந்த யாழ்ப்பாணத்து அண்ணா இதை ஒரே வரியில் சொன்னார்: "மூடியிருக்கேக்க பாத்து ஒரு பிரயோசனமும் இல்லை, ஓடேக்க என்ன நிக்குது எண்டு பாருங்கோ."

தண்ணீர்க் கம்பெனியின் கடமை என்ன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்வாட் வைத்திருக்கும் குறிப்பு அளவு, வீட்டு எல்லையிலுள்ள ஸ்டாப் டேப்பில் (வீட்டுக்கு வரும் தண்ணீரை மொத்தமாக மூடும் வால்வு) நிமிடத்துக்கு 9 லிட்டர் ஓடும்போது பத்து மீட்டர் உயரம், அதாவது 1 பார். கம்பெனியின் குழாயில் 0.7 பாருக்குக் கீழே திரும்பத் திரும்பப் போனால்தான் இழப்பீடு என்ற பேச்சு வரும். ஆக, "சட்டப்படி சரியான அழுத்தம்" உள்ள ஒரு வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு ஷவர் நன்றாக ஓடாமல் இருக்கலாம். கம்பெனி மேல் தப்பில்லை, நம் வீட்டின் தேவை அதைவிடப் பெரியது.

எதை வைத்து அளப்பது

மூன்று வழிகள் உண்டு: பக்கெட், அளவுக் கோப்பை, பிரஷர் கேஜ்.

பக்கெட்டுக்குச் செலவே இல்லை. பத்து லிட்டர் பக்கெட், கையில் போன், அவ்வளவுதான். தோட்டத்துக் குழாயை முழுதாகத் திறந்து, பக்கெட் நிறைய எத்தனை நொடி என்று பாருங்கள். 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 60 நொடி என்றால் 10 லிட்டர், 40 நொடி என்றால் 15, 30 நொடி என்றால் 20. ஒரு விஷயம்: பக்கெட்டின் மேல் போட்டிருக்கும் கோடுகளை நம்ப வேண்டாம். எங்கள் பக்கெட்டில் "10" என்ற கோடு வரை சமையலறை அளவு ஜக்கால் ஊற்றிப் பார்த்தால் பத்தரை லிட்டருக்கு மேல் பிடித்தது. முதலில் ஜக்கால் பத்து லிட்டர் ஊற்றி, நீங்களே ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக் கோப்பை என்பது பிளம்பர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் கோப்பை. பக்கவாட்டில் ஒரு பிளவு இருக்கும், குழாயின் கீழே பிடித்தால் தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறி நிற்கிறதோ அதுதான் வரத்து. சிங்க்கிலோ வாஷ்பேசினிலோ பக்கெட் நுழையாத இடத்தில் இது வசதி. துல்லியத்தில் பக்கெட்டை மிஞ்சாது.

பிரஷர் கேஜ்தான் உண்மையில் காசு கொடுத்து வாங்க வேண்டியது. பத்துப் பதினைந்து பவுண்டுக்குள் கிடைக்கும். தோட்டத்துக் குழாயின் மரையில் நேராக மாட்டலாம். முதலில் வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு முள்ளைப் பாருங்கள், அது ஸ்டாட்டிக். பிறகு கேஜை அப்படியே விட்டுவிட்டு, சமையலறைக் குளிர்நீர்க் குழாயை முழுதாகத் திறக்கச் சொல்லுங்கள். முள் எங்கே இறங்கி நிற்கிறது என்று பாருங்கள், அது டைனமிக். அந்த நேரத்தில் சமையலறையில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பதையும் யாராவது அளந்து எழுதிவிட வேண்டும். "0.8 பார்" என்று மட்டும் எழுதி வைத்தால் அர்த்தமில்லை. "10 லிட்டர் ஓடும்போது 0.8 பார்" என்றால்தான் அது ஒரு தகவல்.

பக்கெட்டா கேஜா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் பக்கெட்டைத்தான் சொல்வேன். வரத்து தெரிந்தால் பாதி முடிவு வந்துவிடும். ஆனால் குறை எங்கே இருக்கிறது என்று காட்டுவது கேஜ்தான். நிற்கும்போதே அழுத்தம் குறைவாக இருந்தால் பிரச்சினை தெருவில். நிற்கும்போது நன்றாக இருந்து, ஓடும்போது படுத்துவிட்டால் பிரச்சினை பெரும்பாலும் தெருவுக்கும் உங்கள் சமையலறைக்கும் நடுவில் உள்ள குழாயில். முதலாவதை நாம் சரிசெய்ய முடியாது, இரண்டாவதை முடியும்.

எந்தக் குழாயில் அளக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பரண் தொட்டி உள்ள வீடுகளில் பாத்ரூம் குளிர்நீர்கூடத் தொட்டியிலிருந்து வரலாம். அதை அளந்தால் தொட்டியின் உயரத்தைத்தான் அளக்கிறீர்கள். வீட்டுக்குள்ளே உள்ள ஸ்டாப் டேப்பை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பாருங்கள். நின்றுபோவது தெருத் தண்ணீர், தொடர்ந்து ஓடுவது தொட்டித் தண்ணீர். சமையலறைக் குளிர்நீரும் தோட்டத்துக் குழாயும் பெரும்பாலும் நேராகத் தெருவிலிருந்து வருபவை. அளக்கும்போது வாஷிங் மெஷின் ஓடக் கூடாது, பரண் தொட்டியும் நிறைந்து மிதவை வால்வு மூடியிருக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். ராத்திரி பதினொரு மணிக்கு அளந்தால் எந்த வீடும் நல்ல வீடுதான். தெருவே குளிக்கும் காலை ஏழு முதல் எட்டரை வரை ஒருமுறை, சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள் ஒருமுறை அளக்க வேண்டும். கடைசியாக வரும் எண்களில் மிகக் குறைவானதை வைத்துத்தான் பாய்லர் வாங்க வேண்டும், சராசரியை வைத்து அல்ல. பள்ளிக்கூட நாள் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டும்போது நமக்குச் சராசரித் தண்ணீர் வராது.

எங்கள் வீட்டுக் கணக்கு

செவ்வாய்க்கிழமை காலை 7.15. கேஜில் ஸ்டாட்டிக் 3.4 பார். "நல்லாத்தானே இருக்கு" என்று நான் சொல்லிவிட்டேன். பக்கெட்டை வைத்தோம், 65 நொடி. நிமிடத்துக்கு 9 லிட்டர் சொச்சம். அண்ணா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் நடைபாதையில் இருந்த சின்ன இரும்பு மூடியைத் தூக்கினார். உள்ளே மண்ணும் நத்தை ஓடும். கையால் அள்ளிப் போட்டுவிட்டு, நீளச் சாவியை விட்டுத் திருப்பினார். உள்ளே இருந்த ஸ்டாப் டேப் பாதிதான் திறந்திருந்தது. எத்தனை வருடமாக அப்படியே இருந்ததோ தெரியாது. முழுதாகத் திறந்துவிட்டு, இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க கால் சுற்று திருப்பி வைத்தார். மறுபடி பக்கெட், இப்போது 52 நொடி. நிமிடத்துக்கு 11.5 லிட்டர். செலவு பூஜ்யம்.

ஆனாலும் கேஜ் உண்மையைச் சொல்லிவிட்டது. சமையலறைக் குழாயில் 10 லிட்டர் சொச்சம் ஓடும்போது முள் 3.4-லிருந்து 0.8-க்கு இறங்கியது. இரண்டு குழாயையும் ஒன்றாகத் திறந்தால் மொத்தமே 12 லிட்டர்தான் வந்தது. ராத்திரி 11 மணிக்கு ஸ்டாட்டிக் 4.2 வரை ஏறியும் பக்கெட் 46 நொடிக்குக் குறையவில்லை. அதாவது தெருவில் அழுத்தம் தாராளமாக இருக்கிறது, வீட்டுக்குள் வரும் வழிதான் குறுகல்.

வழி எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு காசே போதும். சிங்க்குக்குக் கீழே தரையிலிருந்து எழுந்து வரும் குழாயை மெதுவாகச் சுரண்டினோம். மங்கிய சாம்பல் நிறத்துக்கு அடியில் வெள்ளி மாதிரி மின்னியது, காசு லேசாகப் பதிந்தது. ஈயக் குழாய். 1970-க்கு முன் கட்டிய வீடுகளில் இது இன்னும் இருக்கலாம். செம்பு என்றால் சிவந்து தெரியும், இரும்பு என்றால் காந்தம் ஒட்டும், புதிய குழாய் நீல பிளாஸ்டிக். ஈயம் என்று தெரிந்ததும் எனக்குப் பாய்லர் விஷயமே பின்னால் போய்விட்டது. எங்கள் இரண்டு பிள்ளைகளும் குடித்துக்கொண்டிருந்தது அந்தக் குழாய்த் தண்ணீரை. வரத்தைப் பார்க்கப் போய் அது கண்ணில் பட்டதில் எனக்கு இன்றைக்கும் ஒரு நிம்மதி.

காம்பி

காம்பி என்பது தேவைப்படும் நேரத்தில் தெருத் தண்ணீரை அப்படியே சூடாக்கி அனுப்பும் பாய்லர். தொட்டி வேண்டாம், சிலிண்டர் வேண்டாம், சூடாக்கி வைத்த தண்ணீர் ஆறிப் போகும் நஷ்டமும் இல்லை. ஒரு பாத்ரூம், இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கோ ஃபிளாட்டுக்கோ இதைவிட நல்லது இல்லை என்பேன்.

அதற்கு இரண்டு எல்லைகள். ஒன்று வரத்து, இன்னொன்று சூடாக்கும் திறன். குளிர்காலத்தில் இங்கே தெருத் தண்ணீர் 5 டிகிரி வரை இறங்கிவிடும். குளிக்க 40 டிகிரி வேண்டும். 35 டிகிரி ஏற்ற வேண்டும் என்றால், 24 கிலோவாட் காம்பி நிமிடத்துக்கு 9.8 லிட்டர் தரும், 30 கிலோவாட் 12.3, 35 கிலோவாட் 14.3, 40 கிலோவாட் 16.4. இது எந்தக் கம்பெனியின் விளம்பரமும் இல்லை, தண்ணீரைச் சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தின் கணக்கு. கோடையில் தண்ணீரே 18 டிகிரியில் வரும்போது அதே 30 கிலோவாட் பாய்லரால் 19 லிட்டர் வரை சூடாக்க முடியும், குழாய் அவ்வளவு கொடுத்தால். ஜூலையில் மாட்டிய பாய்லர் அப்போது பிரமாதமாக இருந்து, ஜனவரியில் மனசை நோகடிப்பது இதனால்தான்.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் நெருக்கடி நேரத்து வரத்து 11.5. எங்களுக்குச் சொல்லப்பட்ட காம்பி 40 கிலோவாட். குளிர்காலத்தில்கூட 16 லிட்டரைச் சூடாக்கக்கூடிய பாய்லருக்கு 11.5 லிட்டர் கொடுத்து உட்கார வைத்திருப்போம். 30 கிலோவாட்டே போதும்.

ஈஸ்ட் ஹாமில் இருக்கும் என் மச்சினனுக்கு அதுதான் நடந்தது. வரிசை வீடு, நூறு வருடத்துக்கு மேல் பழையது. "பெரிசா போட்டா ரெண்டு ஷவரும் ஓடும்" என்று யாரோ சொன்னதை நம்பி 40 கிலோவாட் மாட்டிவிட்டான். மாடியில் ஷவர் ஓடும்போது கீழே பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் மேலே தண்ணீர் சொட்டாகிவிடும். நான் கேஜை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நிமிடத்துக்கு 8 லிட்டர். அந்த 8 லிட்டரை 35 டிகிரி ஏற்ற 20 கிலோவாட்கூட வேண்டாம். மீதி 20 கிலோவாட்டுக்குக் கொடுத்த காசு சுவரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதோடு, பெரிய காம்பிக்குப் போதாது என்று கேஸ் பைப்பையும் மாற்றியிருந்தார்கள். அந்த அளவு வீட்டின் ரேடியேட்டர்களுக்குப் பெரும்பாலும் பத்துப் பதினைந்து கிலோவாட் தாராளம்.

அவன் வீட்டில் இன்னொன்றும் தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் சொல்லி அவர் சமையலறைக் குழாயைத் திறக்கச் சொன்னோம். இங்கே எங்கள் கேஜின் முள் இறங்கியது. அவர் மூடியதும் ஏறியது. இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய். பழைய வரிசை வீடுகளில் இது சாதாரணம். அப்படி இருந்தால் உங்கள் வரத்து பக்கத்து வீட்டார் எப்போது குளிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது, எந்தப் பாய்லரும் அதைச் சரிசெய்யாது. அவன் தனிக் குழாய்க்கு விண்ணப்பித்திருக்கிறான்.

பழைய பரண் தொட்டி வீட்டை காம்பிக்கு மாற்றும்போது இன்னொரு எச்சரிக்கை. இதுவரை குறைந்த அழுத்தத்தில் இருந்த ரேடியேட்டர் சுற்று இனி 1 பாருக்கு மேல் மூடிய சுற்றாக மாறும். பழைய இணைப்புகளில் கசிவு அப்போதுதான் வெளியே வரும்.

சிலிண்டர்

அடுத்தது, சிஸ்டம் பாய்லரும் (குழாய்த் தண்ணீரை நேராகச் சூடாக்காமல் சிலிண்டரைச் சூடாக்கும் பாய்லர்) தெரு அழுத்தத்திலேயே இயங்கும் அன்வென்டட் சிலிண்டரும். 210 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி மூடி வைத்திருக்கும். திறனுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே சூடாக இருக்கிறது. இரண்டு ஷவர் ஒரே நேரத்தில், ஹோட்டல் மாதிரி.

ஆனால் இங்கேதான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சிலிண்டரில் 210 லிட்டர் இருக்கிறதே, தெரு வரத்து எதற்கு என்று நினைக்கிறார்கள். அந்தச் சூடான தண்ணீரை வெளியே தள்ளுவதே கீழேயிருந்து உள்ளே நுழையும் தெருத் தண்ணீர்தான். ஷவரில் கலக்கும் குளிர்நீரும் தெருவிலிருந்துதான். நிமிடத்துக்குப் பத்து லிட்டர் ஷவர் இரண்டு ஓடினால் தெருவிலிருந்து 20 லிட்டர் வந்தாக வேண்டும். சிலிண்டர் கம்பெனிகள் பல, 20 லிட்டர் ஓடும்போது குறைந்தது 1.5 பார் மிஞ்ச வேண்டும் என்று கேட்பதும் இதனால்தான். எங்கள் 11.5 லிட்டரை வைத்துக்கொண்டு சிலிண்டர் போட்டிருந்தால் காம்பியைவிட அதிகக் காசு செலவழித்து, அதே மெல்லிய ஷவரில் நின்றிருப்போம்.

மூடிய பாத்திரத்தில் தண்ணீரைச் சூடாக்குவது விளையாட்டு இல்லை. 15 லிட்டருக்கு மேற்பட்ட அன்வென்டட் சிலிண்டர் போட இங்கிலாந்தில் கட்டட விதிகளின் ஜி-3 பகுதிக்கான தகுதி உள்ளவர் வேண்டும். அழுத்தமோ சூடோ எல்லை மீறினால் தண்ணீரை வெளியே விடும் வால்வுகளும் அவற்றின் வடிகால் குழாயும் சரியாக இருக்க வேண்டும், வருடம் ஒருமுறை அவற்றைச் சோதிக்க வேண்டும். பாய்லரைத் தொடுபவர் கேஸ் சேஃப் ரெஜிஸ்டரில் (கேஸ் வேலை செய்யத் தகுதி பெற்றவர்களின் பட்டியல்) இருப்பது போதாது, சிலிண்டருக்கு அந்த இன்னொரு அட்டையையும் கேட்டுப் பாருங்கள்.

சிலிண்டருக்கு ஆதரவாக நான் எடைபோட்ட இன்னொரு விஷயம் ஹீட் பம்ப், அதாவது வெளியிலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டைச் சூடாக்கும் மின்சார இயந்திரம். நாளைக்கு அதற்கு மாற வேண்டுமென்றால் சூடான தண்ணீருக்குப் பெரும்பாலும் ஒரு சிலிண்டர் வேண்டும். இன்றைக்குக் காம்பி போட்டு அலமாரியைக் காலி செய்தால், அந்த இடத்தில் வேறு எதையாவது வைத்துவிடுவோம்.

பரண் தொட்டியையே வைத்துக்கொள்வது

பழைய முறை என்று இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தெரு வரத்து எட்டு ஒன்பது லிட்டர், குழாய் மாற்றவும் வழியில்லை என்றால், பரண் தொட்டிதான் நல்ல வழி. மெதுவாக நிறைந்தாலும் தொட்டி நிறைந்துவிடும், குளிக்கும்போது தெரு வரத்தைப் பார்க்காமல் தொட்டியில் உள்ளவரை எடுக்கலாம். உயரம் குறைவு என்பதால் வேகம் வராது, ஆனால் தொட்டியிலிருந்து எடுக்கும் ஷவர் பம்ப் ஒன்று போட்டால் அதுவும் தீரும். அதே தொட்டி, அந்தத் தொட்டியிலிருந்து நிறையும் அதே பழைய (வென்டட்) சிலிண்டர், பாய்லர் மட்டும் புதிது. செலவும் குறைவு. பம்ப் சத்தம் போடும், பரணில் குழாய்களுக்குக் குளிர் தாங்கும் உறை வேண்டும், அவ்வளவுதான்.

தெருக் குழாயிலேயே நேராகப் பெரிய பம்ப் வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஊரில் மோட்டார் வைத்து உறிஞ்சிய பழக்கம். இங்கே 1999-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பொருத்து விதிகளின்படி, நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுக்கும் பம்ப்பைத் தண்ணீர்க் கம்பெனியின் அனுமதி இல்லாமல் இணைக்கக் கூடாது. 12 லிட்டருக்குள் நிற்கும் பம்ப்கள் கிடைக்கின்றன. எட்டு லிட்டர் வரும் வீட்டில் ஒரு ஷவருக்கு உதவலாம். எங்கள் வீட்டில் ஏற்கெனவே 11.5 என்பதால் அதனால் பயனில்லை.

அக்யூமுலேட்டர் என்று ஒரு தொட்டி உண்டு. உள்ளே ஒரு ரப்பர் பை, சுற்றிலும் காற்று. தெரு அழுத்தத்திலேயே தண்ணீரைச் சேமித்து வைத்து, தேவைப்படும்போது வேகமாகக் கொடுக்கும். எங்கள் வீடு மாதிரி ஸ்டாட்டிக் நன்றாக இருந்து வரத்து குறைந்த இடத்துக்குப் பொருந்தும். தெரு அழுத்தமே குறைவான வீட்டில் தனியாக இதை வைத்துப் பயனில்லை, அது இருக்கும் அழுத்தத்தைக் கூட்டாது. 300 லிட்டர் என்று போட்டிருந்தாலும் ஒரு பகுதி காற்று என்பதை மறக்க வேண்டாம். எங்களுக்கு அதை வைக்க இடமில்லை.

நாங்கள் செய்தது

முதலில் குழாய். வீட்டு எல்லைக்கு உள்ளே வரும் குழாய் வீட்டுக்காரர் பொறுப்பு, எல்லைக்கு வெளியே கம்பெனியின் பொறுப்பு. நம் பக்கத்து ஈயக் குழாயை நாம் மாற்றினால் தங்கள் பக்கத்தையும் மாற்றித் தரும் திட்டம் பல கம்பெனிகளில் உண்டு. முதலில் அதைக் கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எங்களுக்கு மாற்றித் தந்தார்கள். நம் பக்கத்தில் முன் தோட்டத்தைத் தோண்டவில்லை. இரண்டு முனையிலும் ஒரு குழி, நடுவில் மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும் ஒரு இரும்புக் குண்டு, அதன் வழியே 25 மில்லிமீட்டர் நீலக் குழாய். ஒரு நாள் வேலை, 1,800 பவுண்டு. வீட்டுக்குள் ஸ்டாப் டேப்பையும் அதிலிருந்து சிலிண்டர் வரைக்குமான குழாயையும் 22 மில்லிமீட்டருக்கு மாற்றினார் அண்ணா. வெளியே அகலமான குழாய் போட்டுவிட்டு உள்ளே பழைய 15 மில்லிமீட்டரோடு விட்டால், குறுகல் தெருவிலிருந்து சமையலறைக்கு இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் பாய்லரைத் தேர்ந்தெடுத்தோம். பரணில் ஒரு அறையும் ஷவரும் கட்டும் எண்ணம் இருக்கிறது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் காலையில் ஆறு பேர். அதனால் 18 கிலோவாட் சிஸ்டம் பாய்லர், 210 லிட்டர் சிலிண்டர். ஒரே ஒரு பாத்ரூமோடு நின்றுவிடுவதாக இருந்தால் 30 கிலோவாட் காம்பியோடு முடித்திருப்பேன், அதில் எந்தக் குறையும் இருந்திருக்காது.

ஃபிளாட்டில் இருப்பவர்கள் அளக்கும் முன் நிர்வாகத்திடம் ஒன்று கேட்டுவிட வேண்டும்: கட்டடத்துக்கே பொதுப் பம்ப் இருக்கிறதா, தண்ணீர் நேராகத் தெருவிலிருந்து வருகிறதா என்று. பொதுப் பம்ப் என்றால் அதைப் பராமரிப்பவர் கையில்தான் உங்கள் அழுத்தம். மேல்மாடியில் இருந்தால் கீழ்வீட்டுக்காரர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது, ஒவ்வொரு மாடிக்கும் கிட்டத்தட்ட 0.3 பார் குறையும்.

மதிப்பீடு தருபவரிடம் நான் இப்போது மூன்று எண்களைத் தாளில் எழுதித் தரச் சொல்கிறேன், தெரிந்தவர்களுக்கும் அதையே சொல்கிறேன்: ஸ்டாட்டிக் எவ்வளவு, எத்தனை லிட்டர் ஓடும்போது டைனமிக் எவ்வளவு, எத்தனை மணிக்கு அளந்தது. எழுதித் தரத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுப்பதில்லை. எங்கள் எண்கள் சிங்க்குக்குக் கீழே அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கின்றன. பழையது, செவ்வாய் காலை 7.15: 3.4 பார், 10 லிட்டரில் 0.8. அதற்குக் கீழே அண்ணாவின் கையெழுத்தில் புதியது, வியாழன் காலை 7.20: 3.4 பார், 20 லிட்டரில் 1.9.